மர்சலின் கத்தரி முடிவுரைத்த காதை

வாழி மர்சலின். கத்தரிக்குலம் காக்கப் புறப்பட்ட காரிகை, பூதக்கண்ணாடியே வேலாகவும் குறிப்பேடே கேடயமாகவும் கொண்ட வீராங்கனை, காய்த்துளைப்பான் புழுக்களின் கனவிலும் புகுந்து தலை எண்ணிய கடுந்தவத்தாள், ஆறு அரையாண்டு அறிக்கைகளையும் கெடு முடிவதற்கு ஒரு நாள் முன்பே அனுப்பி நல்கை தந்தோரையே நாண வைத்த நங்கை, மயிலை லஸ் வட்டாரத்துப் பவுல்சாமியின் தலைமகள், முனைவர் மர்சலின் நீடு வாழி. யானைகளை வீழ்த்தியவரையும் கடல் கடந்து கோட்டை பிடித்தவரையும் பாடப் பலர் உளர். ஒரு கைமணியோடு மோதியவளைப் பாட என்னை விட்டால் ஆளில்லை.

காவியமென்றால் முதலில் நாட்டு வளம் பாட வேண்டுமாம். பாடிவிடுகிறேன். அசோக் நகரில் நான்கு மாடி ஏறி மூச்சு வாங்கி நிமிர்ந்தால் கண்ணுக்குத் தட்டுப்படும் அந்த நன்னாடு, வடக்கே தண்ணீர்த் தொட்டியையும் தெற்கே துணி காயப்போடும் கொடியையும் எல்லையாக உடையது. அறுபது வளர்பைகளில் அறுபது கத்தரிச் செடிகள் அணிவகுத்து நிற்பது. ஒவ்வொரு செடியின் கழுத்திலும் எண் எழுதிய அட்டை தொங்குவது. காக்கையும் அணிலும் அன்றி வேறு பகைவர் அணுகாதது. அந்நாட்டின் அரசி தங்கபுஷ்பம். தியாகராய நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்தின் மூத்த மருமகள், ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் மாடிச் சாவியை எடுத்து நீட்டிய கொடையாளி. அன்று முதல் மூன்று ஆண்டுகளாகத் தன் வீட்டுக் கத்தரிக்காயைத் தானே பறிக்க உரிமையில்லாமல், மர்சலின் வந்து எண்ணி, நிறுத்து, துளை பார்த்து, குறித்துக்கொண்ட பிறகே குழம்புக்கு எடுத்தாள். அதற்கு அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

இனி, இந்த ஆய்வுக்குப் பணம் தந்த நல்கையின் பெருமை. தென்னக நகர்ப்புறத் தோட்டக்கலை மற்றும் வேளாண் ஆய்வு ஊக்குவிப்பு நல்கை வழங்கு பேரவை என்பது அதன் திருநாமம். சுருக்கிச் சொல்லக் கூடாது என்று அதன் விதிநூலே விலக்கியிருப்பதால் நானும் ஒரு முறை முழுதாகச் சொல்லிவிட்டேன். இனிமேல் பேரவை என்றே சொல்வேன், என்னை அவர்கள் ஒன்றும் செய்ய முடியாது. நல்கை பெற்றோர் ஆற்ற வேண்டிய கடமைகளை இருபத்தாறு பக்கங்களில் வகுத்துரைத்த அந்த விதிநூல், ஆறு மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை தருக என்றது. ஒவ்வொரு ஸ்லைடிலும் வலப்பக்க மூலையில் பேரவையின் சின்னத்தைப் பொறிக்க என்றது. ஆய்வு முடிந்தபின் ஆண்டுக் கூட்டத்தில் நேரில் தோன்றி எட்டு நிமிடத்தில் முடிவை உரைக்க என்றது. அம்முடிவு தோட்டம் போடுகிற சாமானியர்க்கு விளங்கும்படி ஒரே ஒரு தமிழ் வாக்கியமாக இருத்தல் வேண்டும் என்றது. அப்படிச் சொல்லப்படாத முடிவு பேரவையின் கையேட்டில் ஏறாது, கோப்பு மூடப்படும், அந்த ஆய்வு நடந்ததற்கே அடையாளம் இராது. கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது.

சுலபமென்றால் சென்ற ஆண்டு ஏன் தோற்றாள் என்று கேட்பீர்கள். குறையில்லாத தலைவி காவியத்துக்கு உதவ மாட்டாள். மர்சலினுக்கும் ஒரு குறை இருந்தது: நன்றி. அவளுடைய பங்குக் கோயில் திருவிழாவில் இருபது ஆண்டுகளாக நன்றியுரை அவளுடையது. கொடியேற்றிய குருவானவரில் தொடங்கி, தேர் இழுத்தோர், பூ அலங்கரித்தோர், பாடற்குழு, ஒலிபெருக்கி கட்டியவர், அதற்கு மின்சாரம் தந்த வீட்டார், நாற்காலி இறக்கியவர், அதைத் திரும்ப ஏற்றப்போகிறவர் வரை ஒருவரையும் விடாமல், ஒரு பெயரையும் மாற்றாமல், சீட்டைப் பார்க்காமல் சொல்லக்கூடிய ஒரே நாக்கு மயிலாப்பூரில் அவளுடையதுதான். பெயர் விட்டுப்போய் யாராவது வருத்தப்பட்டார்கள் என்ற பேச்சே அந்தப் பங்கில் எழுந்ததில்லை. திருவிழாவில் அவளுக்கு முன்னால் மணியோடு யாரும் உட்கார்ந்திருந்ததுமில்லை.

அந்த நாக்கோடு சென்ற ஆண்டு பேரவை மேடையில் ஏறினாள். மேடையில் எழுவர் வீற்றிருந்தனர். ஏழு பேருக்கும் பட்டம் உண்டு, பதவி உண்டு, முன்னாள் பதவி உண்டு, சிலருக்கு வரப்போகும் பதவியும் உண்டு. எல்லாவற்றையும் சொல்லி வணங்கி, முன்வரிசைக்கு வந்து, அங்கிருந்தோரை வணங்கி, தேநீர் ஏற்பாடு செய்தோரையும் மறக்காமல் வணங்கி முடித்தபோது ஐந்து நிமிடம் நாற்பது வினாடி போயிருந்தது. இரண்டாவது ஸ்லைடில், கத்தரியின் தாவரப்பெயரை உச்சரித்துக்கொண்டிருக்கையில் மணி அடித்தது. பதிவேட்டில் முடிவு தெரிவிக்கப்படவில்லை என்று எழுதப்பட்டது. ஓராண்டு அவகாசம் தந்தார்கள். திரும்பி வரும் ஆட்டோவில் அவள் அழுதாள், அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

மணி அடித்தவர் நாகராஜ். பேரவை அலுவலகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் கோப்பு பார்த்தவர், காலத்தின் காவலர், வெண்கலக் கைமணியொன்றை வலக்கையில் ஏந்தி, கைபேசியில் நிறுத்துக் கடிகாரத்தை ஓடவிட்டு, பதிவேட்டை எதிரே விரித்து வைத்து உட்கார்ந்துவிட்டால் துணைவேந்தர் என்றும் பாராத, பேசிக்கொண்டிருப்பவர் தண்ணீர் குடிக்கும் நேரத்தையும் கழிக்காத தருமவான். மற்றபடி நல்ல மனிதர். மர்சலினைப் பார்க்கும்போதெல்லாம் கத்தரிச் செடி சௌக்கியமா என்று விசாரிப்பார்.

இரண்டாம் போருக்கான படைதிரட்டல் லஸ் அருகே அவளது மூன்றாம் மாடி வீட்டில், ஞாயிறு பூசை முடிந்து வந்த பகலில் நடந்தது. கணவன் ஷெல்டன் பள்ளியில் இயற்பியல் ஆசிரியன். தேர்வுக்கூடத்தில் நேரம் பார்த்துப் பழகியவன். முப்பத்தொரு ஸ்லைடுகளாக இருந்த பெருஞ்சேனையை அவன் இரக்கமில்லாமல் வெட்டி ஒன்பதாக்கினான். புழுவின் வாழ்க்கைச் சுழற்சி காட்டும் நான்கு வண்ணப் படங்கள் வீழ்ந்தன. தங்கபுஷ்பத்தின் மாடியில் சூரியன் உதிக்கும் படம் வீழ்ந்தது. ஒவ்வொன்றும் போகும்போது மர்சலினுக்கு நெஞ்சு பதைத்தது. கடைசியில் நன்றியுரைப் பட்டியலுக்கு வந்தார்கள்.

"மொதல்ல ரிசல்ட்ட சொல்லு மர்சி. தேங்க்ஸ் எல்லாம் அப்புறம் டைம் இருந்தா பாத்துக்கலாம்" என்றான் ஷெல்டன்.

"பேரு சொல்லாம ஆரம்பிச்சா மேடையில இருக்கறவங்க இன்னா நெனைப்பாங்க? நன்றிகெட்டவள்னு நெனைக்க மாட்டாங்களா?"

அவன் சென்ற ஆண்டுப் பதிவேட்டு நகலை எடுத்து மேசைமேல் வைத்தான். அவள் பட்டியலை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஒன்பதாம் ஸ்லைடில்தான் அந்த ஒற்றை வாக்கியம் வீற்றிருந்தது. அது மர்சலின் மூன்றாண்டு உழைத்துச் செதுக்கிய வாக்கியம்: "கத்தரித் தண்டு மற்றும் காய்த்துளைப்பானின் தாக்குதலுக்கு உள்ளான தளிர்முனைகளை ஏழுநாள் இடைவெளியில் அகற்றி அழித்தலாகிய இயற்பியல்வழி மேலாண்மை உத்தியானது, ஒப்பீட்டுப் பகுதியோடு நோக்குகையில், புள்ளியியல் அடிப்படையில் பொருட்படுத்தத்தக்க அளவில் காய்ச்சேதத்தைக் குறைக்கும் இயல்பினதாகக் காணப்படுகின்றது." இது தங்கபுஷ்பம் அம்மாவுக்குப் புரியுமா என்று ஷெல்டன் கேட்டான். இதைவிட எளிதாகச் சொன்னால் தவறாகிவிடும் என்றாள் மர்சலின். ஒரே வாக்கியம்தானே கேட்டார்கள், ஒரே வாக்கியம்தான் தந்திருக்கிறேன் என்றும் சொன்னாள். அன்று ஒத்திகையில் ஏழு நிமிடம் இருபது வினாடி ஆயிற்று.

போர்நாள் விடிந்தது. லஸ்ஸில் மெட்ரோ பள்ளம் வாய்பிளந்திருக்க, ஆழ்வார்ப்பேட்டையில் வாகனக் கடல் உறைந்திருக்க, தேனாம்பேட்டைச் சிக்னலில் மூன்று முறை பச்சை கண்டும் நகராத ஆட்டோவுக்குள், மடியில் மடிக்கணினியும் மனத்தில் எட்டு நிமிடமுமாக மர்சலின் வீற்றிருந்தாள். களம் தியாகராய நகரில், பனகல் பூங்காவுக்குப் பின்தெருவில் ஒரு கல்யாண மண்டபம். முந்தின நாள் முகூர்த்தத்தின் வாழைமரம் வாசலில் இன்னும் கட்டியபடி இருந்தது. மணமக்கள் அமர்ந்த சிவப்பு நாற்காலிகளில் அறிஞர் எழுவர் அமர்ந்திருந்தனர். சிறப்பு விருந்தினருக்குரிய எட்டாவது நாற்காலி காலியாக இருந்தது. அவர் வந்துகொண்டிருப்பதாகக் காலை ஒன்பது மணியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் வரிசையில் பச்சைப் பட்டுடுத்தித் தங்கபுஷ்பம் வந்து உட்கார்ந்திருந்தாள். ஆய்வுக்கு இடம் தந்தோரை அழைக்க வேண்டும் என்பதும் விதி. மர்சலினைக் கண்டதும் கையசைத்தாள். ஆடிப்பட்டத்துக்கு நாற்று வாங்கிவிட்டதாகவும், இந்த முறையாவது புழு இல்லாமல் இருக்க இங்கே வழி சொல்வார்கள் என்று தன் மருமகளிடம் சொல்லிவிட்டு வந்ததாகவும் பக்கத்து இருக்கைக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்ட மர்சலின் மடிக்கணினியைத் திறந்து ஒன்பதாம் ஸ்லைடை இன்னொரு முறை வாசித்தாள்.

அவளுக்கு முன்னால் போருக்குப் போனவன் அச்யுத். கீரைக்குச் சொட்டுநீர் விட்டவன், வாலிபன், திரையில் எழுத்துகளைப் பறக்கவிடத் தெரிந்தவன். பறந்துகொண்டிருந்த எழுத்துகள் இறங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. அவன் மேடையிலிருந்து இறங்கி வந்தபோது முகத்தில் ரத்தமில்லை. அடுத்து மர்சலினின் பெயர் அழைக்கப்பட்டது.

படியேறும் இடத்தில் நாகராஜ் உட்கார்ந்திருந்தார். போன வருஷம் மாதிரி ஆகிவிடப் போகிறது, ஓரிரு வினாடி முன்பின் பார்க்க மாட்டீர்களா என்று கேட்டுவிடலாமா என ஒரு கணம் நினைத்தாள். அவள் வாய் திறக்குமுன் காலத்தின் காவலர் தம் பிரகடனத்தை வெளியிட்டார்.

"எட்டு நிமிஷம்னா எட்டு நிமிஷம்தான் மேடம். ஆறுல ஒரு மணி, எட்டுல ஒரு மணி. ஒம்போதாவது நிமிஷம் நம்ம கையிலயா கீது?"

கடிகாரம் ஓடத் தொடங்கியது. பேரவையின் திருநாமத்தை ஒரே மூச்சில், ஓர் எழுத்தும் சிதையாமல் உரைத்து விதியை நிறைவேற்றினாள், பதினான்கு வினாடி. பிறகு, பழைய பழக்கம் தொண்டை வரை பொங்கி வந்து நிற்க, மேடையில் எழுவரும் தத்தம் பெயருக்காகச் செவி தீட்டி முதுகு நிமிர்த்திக் காத்திருக்க, பற்களை இறுகக் கடித்து, வணக்கம் என்ற ஒற்றைச் சொல்லில் அனைவரையும் கட்டி எறிந்துவிட்டு முதல் ஸ்லைடுக்குத் தாவினாள். எழுவரில் மூத்தவரின் புருவம் ஏறியது. அவருக்கு அடுத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மர்சலின் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய வாழ்நாளில் அவள் செய்த ஆகப் பெரிய வீரச்செயல் அதுதான் என்பேன்.

வீழ்ந்தது முதல் ஸ்லைடு. வீழ்ந்தது இரண்டாவது, சென்ற ஆண்டு அவளை வீழ்த்திய அதே தாவரப்பெயரை இம்முறை அவள் மிதித்துக்கொண்டு கடந்தாள். மூன்றாவதில் அறுபது செடிகளையும் இரு படைகளாகப் பிரித்து நிறுத்தினாள். நான்காவதில் புழுவைக் காட்டினாள். இளஞ்சிவப்பு உடலும் கருந்தலையும் கொண்ட அப்பகைவன் தளிருக்குள் நுழைந்து உள்ளிருந்தே தின்னும் வஞ்சனையை அவள் விரித்துரைக்க, மண்டபமே மெய்மறந்தது. மூன்று நிமிடம் ஐம்பது வினாடிதான் ஆகியிருந்தது. மூன்றாம் வரிசையில் தங்கபுஷ்பம், இவனைத்தான் நானும் பார்த்தேன் என்பதுபோலத் தலையாட்டினாள். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அப்போது வாசலில் ஆரவாரம் எழுந்தது. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார்.

அவையோர் எழுந்தனர். எழுவரும் எழுந்தனர். எழுந்தவர்கள் கும்பிட, கும்பிட்டவர்களை அவர் திரும்பக் கும்பிட, ஒருவர் நாற்காலியைத் துடைக்க, இன்னொருவர் சந்தனக் கிண்ணத்தைத் தேட, மண்டபத்தின் பின்கதவிலிருந்து பொன்னாடை ஒன்று கைமாறிக் கைமாறி மேடைக்கு வந்து சேர்ந்தது. மேடையில் கையில் வேலையில்லாமல் நின்றவள் மர்சலின் ஒருத்தியே என்று கண்ட பேரவைத் தலைவர், அவளையே போர்த்தும்படி சைகை காட்டினார். அவள் நாகராஜைப் பார்த்தாள். நாகராஜ் விதிநூலைப் பார்த்தார். பதினேழாம் பக்கம், பதினெட்டாம் பக்கம் என்று புரட்டிவிட்டு, கடிகாரத்தை நிறுத்தலாம் என்று எங்கும் போடவில்லை என்பதுபோல உதட்டைப் பிதுக்கினார். அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது, கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

பொன்னாடை அவர் தோளில் நிற்கவில்லை. வழுக்கி விழுந்ததை எடுத்து மறுபடி போர்த்தினாள். இரண்டாம் முறை போர்த்தியது படத்தில் சரியாக விழவில்லை என்று புகைப்படக்காரர் சொன்னதால் மூன்றாம் முறையும் போர்த்தினாள். கைதட்டலின் நடுவே ஆறாம் நிமிடத்து மணி ஒலித்தது. அதையும் வாழ்த்தொலி என்று எண்ணிச் சிறப்பு விருந்தினர் நாகராஜ் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார்.

மர்சலின் ஒலிவாங்கிக்குத் திரும்பியபோது ஆறு நிமிடம் பதினைந்து வினாடி. இன்னும் ஐந்து ஸ்லைடு. ஒன்பதாவதுக்கு நேரே தாவிவிடு என்று மூளை சொன்னது. விரல் பொத்தானை அழுத்தியது. கணினி உறங்கிப்போயிருந்தது, திரை இருண்டிருந்தது. அந்நேரம் பார்த்துத் தலைவர், விருந்தினரை வரவேற்று இரண்டு வார்த்தை என்று கிசுகிசுத்தார். அவள் வரவேற்றாள். அதுதான் அவள் செய்த பிழை. இருபது ஆண்டுக் காலம் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு இன்னொருவர் பெயரை விட்டறியாத அந்த நாக்கு, ஒரு பெயர் சுவை கண்டதும் கட்டவிழ்ந்தது. விருந்தினரைச் சொன்னபின் தலைவரைச் சொல்லாதிருப்பது எப்படி? தலைவரைச் சொன்னபின் அந்தப் புருவத்தாரை விடுவது எப்படி? எழுவரும் வந்தனர், பட்டங்கள் வந்தன, முன்னாள் பதவிகள் வந்தன, அணை உடைந்த செம்பரம்பாக்கமாய் நன்றி பெருகி மேடையை நிறைத்து முன்வரிசையில் இறங்கி ஓட, ஏழு நிமிடம் கடந்தது, ஏழு நிமிடம் இருபது கடந்தது. தான் மூழ்கிக்கொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை, பயத்தில் கண் கலங்கியது, வாய் மட்டும் சொல்லிக்கொண்டே போனது. தேநீர் தந்தோரைச் சொன்னாள். மண்டபத்துக் காவலாளியைச் சொன்னாள். ஷெல்டனைச் சொன்னாள். கடைசியாக, தன் மாடியையே ஆய்வுக்குத் தந்த திருமதி தங்கபுஷ்பம் அவர்களுக்கு என்று சொன்னாள்.

பெயர் சொன்னால் எழுந்து நிற்பதுதான் முறை என்று தங்கபுஷ்பம் எழுந்து நின்றாள். கையைக் குவித்தாள். குவித்த கையை இறக்காமலே கேட்டாள்.

"அது கெடக்கட்டும் டாக்டரம்மா. மூணு வருசமா எண்ணுதீய, எழுதுதீய. அந்தச் செடிய இப்ப நான் என்னதான் செய்யணும்?"

பொன்னாடை போர்த்திய தோள் திரும்பியது, ஏறிய புருவம் அப்படியே நின்றது. பதிவேட்டில் முடிவு என்ற தலைப்புக்கு நேரே வெற்றிடம் காத்திருந்தது. நாகராஜின் வலக்கை, ஏழு நிமிடம் ஐம்பத்தைந்து வினாடியில், மணியோடு மேலே எழுந்துவிட்டது. இருண்ட திரையில் ஒன்பதாம் ஸ்லைடு இல்லை. தளிர்முனையும் இல்லை, இயற்பியல்வழி மேலாண்மை உத்தியும் இல்லை, புள்ளியியல் அடிப்படையும் இல்லை. எதிரே நாற்று வாங்கி வைத்துவிட்டு வழி கேட்டு நிற்கிற ஒருத்தி மட்டுமே இருந்தாள். கத்தரிக்குலம் காக்கப் புறப்பட்ட காரிகை, பூதக்கண்ணாடி ஏந்திய வீராங்கனை, ஆறு அறிக்கை தந்த நங்கை, முனைவர் மர்சலின், இறங்கிவரும் மணியின் நாக்கு வெண்கலத்தைத் தொடுவதற்கு முன்பாக வாய் திறந்து சொன்னாள்:

"வாரத்துக்கு ஒரு தடவ வாடிப்போன நுனிய கிள்ளி எரிச்சிடுங்கக்கா."